காணிக்கைப் பணமும் ஸ்திரீகளின் புற்றுநோய் ஆராய்ச்சியும்

திருமலைக்கு நடந்து ஏறும் பக்தர்கள் முதற்படிக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கிப் புறப்படும் அலிபிரியின் பக்கத்திலே, திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த நிலத்தில், டாடா அறக்கட்டளைகளின் பொருளுதவியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பெற்று, 2022 மே 5-ஆம் தேதி 92 படுக்கைகளோடு திறக்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேஸ்வரா புற்றுநோய்ச் சிகிச்சை, உயர் ஆராய்ச்சி நிலையம் என்பது அது. அதற்கு முன்பே, தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-ல் பணி தொடங்கி 1995-ல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்ற 'ஸ்விம்ஸ்' மருத்துவ விஞ்ஞான நிலையம், சித்தூர், கடப்பை, நெல்லூர்ப் பிரதேசங்களின் ஏழை நோயாளிகளைத் தாங்கி வந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வியாதிகளால் வாடும் ஏழைகளுக்கென்று பிராணதானம் என்ற பெயரில் ஒரு தனி டிரஸ்டையே தேவஸ்தானம் நடத்துகிறது. பக்தர் தரும் பணம் படுக்கையாகவும், மருந்தாகவும், கதிரியக்க யந்திரமாகவும் உருமாறுவதை இந்த ஊரில் கண்ணால் காணலாம். குறை சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை.

ஆயினும் ஒரு விஷயத்தைப் பற்றி இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது எப்படி என்பதை நம் நாட்டுத் தர்மவான்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். இன்னும் விடை காணாத ஒரு கேள்விக்கு, அதுவும் விடை கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாத தொடக்க நாட்களில், பணம் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. பெண்களுக்கே உரிய புற்றுநோய்களின் விஷயத்தில் இந்தக் குறை எவ்வளவு பெரிய நஷ்டத்தை விளைவிக்கிறது என்பதைச் சித்தூர்-திருப்பதிப் பிரதேசத்தை முன்வைத்தே ஆராயலாம்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். ஏறக்குறைய 80,000 பேர் அதனால் இறந்தார்கள். சினைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 47,000 பேர், இறந்தவர்கள் 33,000. எண்ணிக்கையில் பின்னது சிறிதாயினும், அதைக் கண்ட நூறு பேருக்கு எழுபது பேர் மடிகிறார்கள் என்ற கணக்கு வருகிறது. காரணம் மறைவானதன்று. கர்ப்பப்பை வாயை நர்ஸ் ஒருத்தி விளக்கொளியில் கண்ணால் பார்த்துவிடலாம். சினைப்பையோ அடிவயிற்றின் ஆழத்தில் கிடக்கிறது. வயிறு உப்பல், அஜீரணம், இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டாற்போன்ற உணர்ச்சி என்று அது காட்டும் அடையாளங்கள் எல்லாம் கிராமத்தில் 'கேஸ் டிரபிள்' என்ற ஒரே பெயரில் அடங்கிப் போகின்றன. மாத்திரை வாங்கி விழுங்கி மாதங்கள் கழிந்து, வயிற்றில் நீர் கட்டிய பிறகே பாகாலாவிலோ புத்தூரிலோ இருந்து ஒரு தாய் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறாள். திருப்பதிக்குப் போகாதவள் காட்பாடி ரயிலேறி வேலூருக்குப் போகிறாள். சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாகப் பக்கத்து வீடுதான், நடுவே மாநில எல்லை ஒன்று இருந்தாலும்.

கர்ப்பப்பை வாய் நோயில் இந்தியா உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறது என்பதைப் பலர் அறியார். திண்டுக்கல் மாவட்டத்தில் 114 கிராமத் தொகுதிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை, பயிற்சி பெற்ற நர்ஸுகள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி வெண்மை படர்கிறதா என்று பார்க்கும் எளிய முறையால் சோதித்தார்கள். அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சுகாதார நிலையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் பிரான்ஸின் லியோன் நகரத்திலுள்ள அந்தச் சர்வதேச நிறுவனமும் சேர்ந்து செய்த அந்தப் பரீட்சையின் முடிவு 2007-ல் வெளிவந்தது. நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த இன்னொரு பரீட்சையில், நோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸைத் தேடும் சோதனையை ஒரே ஒருமுறை செய்ததாலேயே இந்நோய் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகின என்று 2009-ல் தெரிந்தது. இன்று உலக சுகாதார ஸ்தாபனம் ஏழை நாடுகளுக்குச் சொல்லும் யோசனைகளின் அஸ்திவாரத்தில் இந்த இரண்டு மாவட்டப் பெண்களும் இருக்கிறார்கள். உஸ்மானாபாத்துக்குப் பணம் தந்தது அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சினைப்பை நோயில் இப்படிச் சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. நமக்கென்ன, உலகத்துக்கே அதிகம் இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை ரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த மாபெரும் பரீட்சை, மரணங்கள் குறையவில்லை என்ற கசப்பான முடிவை 2021-ல் அறிவித்தது. ஆகவே இந்நோயில் பெரிய பணத்தைப் பெரிய பரீட்சையில் கொட்டும் காலம் இன்னும் வரவில்லை. வேண்டுவது சிறுசிறு கேள்விகளை எழுப்பிப் பார்க்கும் தொடக்க ஆராய்ச்சியே.

அந்தத் தொடக்க ஆராய்ச்சி எங்கே மூச்சுத் திணறுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இளம் மருத்துவர் ஒருவருக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. தன்னிடம் வரும் நோயாளிகளின் கட்டிகளில் எந்த மரபணு மாறுதல் மிகுந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மானியத்துக்கு விண்ணப்பம் எழுதினால், பூர்வாங்க முடிவுகள் எங்கே என்று கேட்கிறார்கள். பூர்வாங்க முடிவுக்கு வேண்டியது என்ன? ஆபரேஷன் தியேட்டரில் அறுத்தெடுத்த கட்டி வழக்கப்படி பார்மலின் புட்டியில் விழுந்து நோய்க்குறியியல் பிரிவுக்குப் போய்விடும். பார்மலின் திசுவின் வடிவத்தைக் காக்கும். ஆனால் உள்ளிருக்கும் மரபுப் பொருளைச் சிதைத்துவிடும். மரபணுவை நன்றாகப் படிக்க வேண்டுமானால் கட்டியின் ஒரு துண்டை உடனேயே திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரியில் ஆண்டுக்கணக்காகப் பாதுகாக்க வேண்டும். அதற்கு அந்தக் குளிர்ப்பெட்டி வேண்டும். மின்சாரம் நின்றால் உடனே ஓடும் ஜெனரேட்டர் வேண்டும். இரவு ஏழு மணி ஆபரேஷனுக்கும் புட்டியோடு காத்து நிற்க ஒரு உதவியாளர் வேண்டும். நோயாளிக்குத் தெலுங்கிலோ தமிழிலோ விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெற ஒருவர் வேண்டும். இந்தச் செலவுகளில் ஒன்றுகூடக் கல்வெட்டில் பொறிக்கத் தக்கதன்று. அரசாங்க இன்ஷூரன்ஸ் திட்டங்கள் ஆபரேஷனுக்குப் பணம் தரும், குளிர்ப்பெட்டிக்குத் தரா. பூர்வாங்க முடிவு இல்லாததால் மானியம் இல்லை, மானியம் இல்லாததால் பூர்வாங்க முடிவு இல்லை என்ற சுழலில் அந்த எண்ணம் அமிழ்ந்து போகிறது. மருத்துவரும் இரண்டொரு வருஷத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். அவரை நான் குறை கூற மாட்டேன்.

இந்தச் சுழலை உடைக்கும் முயற்சிகள் அடியோடு இல்லையென்று சொல்லக் கூடாது. வேலூர் கல்லூரி தன் ஊழியர்களின் தொடக்க முயற்சிகளுக்கென்று 'ஃப்ளூயிட்' மானியம் என்ற பெயரில் சொந்த நிதியிலிருந்தே உதவி வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979 முதல் மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு மாத ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தருகிறது. மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்ப உதவிக் கவுன்சிலான 'பைராக்', புதிய கருவியோ மருந்தோ உண்டாக்க எண்ணுவோருக்கு 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. 2022-ல் அனுமதி பெற்ற, புனே சீரம் நிலையத்தின் 'செர்வாவாக்' என்ற கர்ப்பப்பை வாய் நோய்த் தடுப்பூசியும் இத்தகைய பொதுப்பணத்தின் துணையோடு வளர்ந்ததே. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தடுப்பூசி விற்கக் கூடிய பண்டம். விற்கக் கூடிய பண்டத்துக்குக் காலப்போக்கில் எப்படியும் முதலாளி கிடைப்பார். விற்பதற்கு ஒன்றுமே இல்லாத, ஆனால் ஆயிரமாயிரம் பெண்களுக்குப் பயன்படக் கூடிய கேள்விகள் உண்டு. அவற்றுக்கு யார் பணம் தருவார்?

அத்தகைய கேள்வி ஒன்று, ஆந்திர தேசத்தைத் தவிர வேறெங்கும் இவ்வளவு பொருத்தமாகக் கேட்க முடியாத கேள்வி, நம் கண்முன்னே கிடக்கிறது.

சினைப்பைப் புற்றுநோய் சினைப்பையில்தான் பிறக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பரம்பரையாக இந்நோய் வரக்கூடிய குடும்பத்துப் பெண்கள் சிலர், நோய் வருமுன்பே சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது உண்டு. ஹாலந்து தேசத்து மருத்துவர்கள் அப்படி எடுத்த 12 பெண்களின் கருக்குழாய்களை உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்து, அவற்றில் பாதிப்பேரின் குழாய்களில் புற்றுக்கு முந்திய மாறுதல்கள் இருப்பதை 2001-ல் தெரிவித்தார்கள். பிறகு பாஸ்டன் நகரத்தின் பிரிகாம் பெண்கள் மருத்துவமனையில், கருக்குழாயின் விரல்போன்ற நுனியை வழக்கமான ஒன்றிரண்டு துண்டுகளோடு விடாமல், மெல்லிய துண்டுகளாக முழுவதும் அறுத்துப் பார்க்கும் முறையைக் கையாண்டார்கள். இந்நோயில் மிகக் கொடிய வகை பெரும்பாலும் அந்த நுனியிலேதான் தொடங்குகிறது என்ற கருத்து இதனால் வேரூன்றியது. ஒரு கத்தி, மெழுகுக் கட்டி, மைக்ராஸ்கோப், பொறுமையுள்ள ஒரு நோய்க்குறியியலாளர்: ஒரு பெரிய நம்பிக்கையைக் கவிழ்க்க வேண்டியிருந்த தளவாடம் இவ்வளவே. இதன் பயனாகக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், வேறு காரணத்துக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களுக்கும், கருத்தடை வேண்டுவோருக்கும், அவர்கள் விருப்பப்படி கருக்குழாயை முழுவதும் எடுத்துவிடும் வழக்கம் பரவியது. அவ்வாறு செய்துகொண்ட 25,889 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, வயதைக் கணக்கிட்டால் ஐந்து பேருக்காவது வந்திருக்க வேண்டிய அந்தக் கொடிய வகை ஒருவருக்கும் வரவில்லை என்று 2022-ல் தெரிவித்தார்கள். சிறிய எண்ணிக்கைதான், ஆனால் அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

இனி ஆந்திரத்துக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்த மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டவர்கள். நாட்டில் இவை மிக உயர்ந்த விகிதங்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, இருபதுகளின் நடுவிலேயே, குழாயைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் பெண்கள் நிறைந்த நாடு இது. குழாயைக் கட்டுவதே இந்நோயின் அபாயத்தை ஓரளவு குறைப்பது முன்பே தெரிந்த விஷயம். கட்டுவதற்குப் பதில் முழுவதும் எடுத்துவிட்டால் அபாயம் மேலும் குறையுமா? சினைப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டு மாதவிடாய் முன்னதாகவே நின்றுவிடுமா? அரசாங்க ஆஸ்பத்திரியின் நெரிசலில் அந்த ஆபரேஷனை எத்தனை நிமிஷத்தில், எவ்வளவு ரத்தச் சேதத்தோடு செய்ய முடியும்? இவற்றுள் முதற்கேள்விக்கு விடை காண முப்பது ஆண்டுகள் வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டுகளும், சினைப்பையின் சக்தியைக் காட்டும் ஹார்மோனை அளக்கும் ரத்தச் சோதனைச் செலவும், ஓரிரு நர்ஸுகளின் சம்பளமும் போதும். இதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் கிடையாது. தர்மப் பணம் நுழைய வேண்டிய இடம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

எல்லாருக்கும் குழாயை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அது கேள்விக்கு முன்னே விடை சொல்வதாகும்; கருத்தடை முகாம்களில் ஏழைப் பெண்களின் உடலை எண்ணிக்கைக்காக நடத்திய பழைய பாவத்தைப் புதுப்பிப்பதுமாகும். இந்த எச்சரிக்கைக்கு ஆந்திரத்திலேயே காரணம் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில், பாத் என்ற அமெரிக்க ஸ்தாபனம் கர்ப்பப்பை வாய் நோய்த் தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட ஏற்பாடு செய்தது. பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரை விட்டு விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். சில மரணங்களைப் பற்றிய கூக்குரல் எழுந்து 2010 ஏப்ரலில் அந்த வேலை நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமென்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. சம்மதம் பெற்ற முறையோ 2013-ல் பாராளுமன்றக் குழுவின் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இதன் அதிர்ச்சியில், வேறிடங்களில் நடந்துகொண்டிருந்த இன்னொரு தடுப்பூசிப் பரீட்சையும் நடுவழியில் நின்றது. அதில் ஒரே ஊசியோடு நின்றுபோன சிறுமிகள் சுமார் ஐயாயிரம் பேரைப் பத்தாண்டு கவனித்ததில், ஒரு ஊசியே போதுமான காப்பளிக்கிறது என்று தெரிந்ததும், உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் ஒற்றை ஊசி முறையை ஏற்றபோது அதுவும் ஓர் ஆதாரமானதும் விதியின் விநோதம். ஆயினும் தற்செயலாக விளைந்த நன்மையைக் காட்டி முறைகேட்டை மூடக் கூடாது.

முறையாகச் செய்த முன்மாதிரியும் இந்தச் சீமையில் உண்டு. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1915-ல் திறந்த க்ஷயரோக நிலையமான ஆரோக்கியவரத்திலிருந்து, டேனிஷ் மருத்துவர் ஃபிரிமோட் மோல்லரும் அவருடைய ஊழியர்களும் 1950-களில் சுற்றுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் காசநோயைக் கணக்கெடுத்தார்கள். 1960-ல் வெளியான அந்த ஆய்வை இன்றும் அத்துறையினர் எடுத்துப் படிக்கிறார்கள். மலைச்சரிவுக் கிராமத்து மனிதரின் நம்பிக்கையைப் பெற்று, ஆண்டுக்கணக்காக அவர்களைப் பின்தொடரும் பொறுமை இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று.

தொடக்க நிலையில் கொடுத்த சிறு பணம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஆந்திரம் தந்த ஒரு சரித்திரமே இருக்கிறது. பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தி ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் குறைந்த பட்டத்தோடு வெளியேறியவர். அவர் அமெரிக்கா போகக் காகிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மஸ்தாபனமும் மாமனாரும் உதவினார்கள். பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேளை ஊழியம் பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். கருக்குழாயை மெல்லிதாக அறுத்துப் பார்த்ததாக மேலே சொன்ன பிரிகாம் மருத்துவமனை இந்த ஆஸ்பத்திரியின் வாரிசுதான். 1940-களில் லெடர்லி ஆராய்ச்சிசாலையில் அவருடைய தலைமையில் உருவான மருந்துகளுள் ஒன்று மெதோட்ரெக்ஸேட். அவர் 1948-ல் காலமானார். கர்ப்பத்தைத் தொடர்ந்து தோன்றி நுரையீரலுக்குப் பரவி இளந்தாய்மாரைக் கொன்றுகொண்டிருந்த கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை, 1956 முதல் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அந்த மருந்தினாலேயே குணப்படுத்திக் காட்டினார்கள். மருந்தினால் மட்டுமே பூரண குணம் கண்ட முதல் திடக்கட்டிப் புற்று, பெண்களுக்கே உரிய இந்தப் புற்றுதான். காகிநாடாவின் தர்மகர்த்தர்கள் கோரியோகார்சினோமா என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பரீட்சையில் குறைந்த பட்டம் வாங்கிய ஒரு பிள்ளையை நம்பிக் கப்பலேற்றினார்கள்.

டாடா குடும்பத்துக்கும் இத்தகைய கொடை புதிதன்று. மேஹர்பாய் டாடா ரத்தப் புற்றால் 1931-ல் இறந்ததும், அடுத்த ஆண்டே அமைந்த லேடி டாடா நினைவு டிரஸ்ட், தன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கை உலகெங்கும் அந்நோயை ஆராய்வோருக்கே கொடுத்து வருகிறது. சினைப்பை, கர்ப்பப்பை நோய்களுக்கு அது போன்ற ஒன்றைத் திருப்பதியில் நிறுவுவது அசாத்தியமான காரியமா? ஊரிலும் சுற்றிலுமாக ஸ்விம்ஸும், பெண்களுக்கான பத்மாவதி மருத்துவக் கல்லூரியும், அலிபிரி மருத்துவமனையும், 2015-ல் வந்த இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வேலூரின் அனுபவம் ரயிலில் சில மணி நேரத் தொலைவில். இவற்றை இணைக்கும் சிறு பணம் ஒன்றுதான் குறை.

கோயில் பணத்தை விஞ்ஞானத்துக்குச் செலவிடலாமா என்று பக்தர் கேட்பார், கேட்பது நியாயமே. உண்டியலைத் தொட வேண்டியதில்லை. பிராணதானத்துக்கு விரும்பியவர் கொடுப்பதுபோல, விரும்பியவர் மட்டும் கொடுக்கும் தனி டிரஸ்டாக இது இருக்கட்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் இரண்டு பக்கத்துக்கு மேற்படக் கூடாது; பூர்வாங்க முடிவு கேட்கக் கூடாது; முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட மருத்துவருக்கும் நர்ஸுக்கும் முதலிடம் வேண்டும்; இரண்டு ஆண்டில் முடிவு எதிர்மறையாக வந்தாலும் அதை வெளியிட்டே ஆக வேண்டும்; சம்மதப் படிவத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் கிராமத்துப் பெண் ஒருத்தி வாசித்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சிட வேண்டும். தேவஸ்தானத்தின் ஆண்டு வரவு செலவு இப்போது 5,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் பதினாயிரத்தில் ஒரு பங்கு 50 லட்சம். அவ்வளவு தொகை பக்தர்களின் விருப்பக் கொடையாக ஆண்டுதோறும் சேர்ந்தாலே மூன்று, நான்கு கேள்விகளைத் தொடங்கிவிடலாம். தேவஸ்தானத்தின் அறங்காவலர்களும் டாடா அறக்கட்டளையினரும் அடுத்த கட்டடத்துக்கு வரைபடம் போடுமுன் இதற்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.